வேட்டிக் கட்டுக்குக் கீழே ஒரு மசிப்புள்ளி

போன மாதம் திருச்சி கண்டோன்மென்ட் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் எங்கள் ஊர்க் குடல்நோய் டாக்டர்கள் கூடினார்கள். ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றவும், முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிக்கொள்ளவும்தான் எங்களை மாதிரி ஆட்களைக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குப் பேச இருந்தது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பற்றி. அதற்கு இப்போது என்ன மருந்து, இனிமேல் என்ன மருந்து என்று. அந்த நோய்க்கு என் வாழ்நாளில் பாதியைக் கொடுத்திருக்கிறேன். போகாமல் இருப்பேனா?

பெருங்குடலின் உள்சுவர் முழுக்கப் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகிற நோய் அது. வலி, ரத்தம் எல்லாம் இருக்கட்டும். அதன் உண்மையான கொடுமை அவசரம். வருகிறது என்று தெரிந்த மறு நிமிடம் கழிப்பறை இருந்தாக வேண்டும். இந்த நோய் உள்ளவர்கள் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமேடையைப் பார்க்க மாட்டார்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார்கள். பஸ் ஏற மாட்டார்கள், சினிமாவுக்குப் போக மாட்டார்கள். ஏன் என்று யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள்.

மேடையில் மூன்று இளம் டாக்டர்கள். ஒருத்தர் மாத்திரைக் கட்சி. டோஃபாசிடினிப் மாதிரிப் புது மாத்திரைகள் சில நாட்களிலேயே வேலை காட்டுகின்றன, ஊசியே எதற்கு என்றார். பக்கத்தில் இருந்த பெண் விடவில்லை. "உடம்பு முழுக்க எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரையை நம்ம ஊர்ல, இத்தனை டிபி இருக்கிற ஊர்ல, எல்லாருக்கும் கொடுப்பீங்களா? குடல்ல மட்டும் வேலை செய்யிற ஊசி இருக்கும்போது?" என்று பிடித்துக்கொண்டாள். மூன்றாவது பையன் இனி வரப்போவதைப் பேசினான். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது, ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைச் சுத்தம் செய்து நோயாளியின் குடலுக்குள் ஏற்றுவது என்றெல்லாம். பின்வரிசையில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. நான் படித்த காலத்தில் எங்களிடம் இருந்தது சல்ஃபா மாத்திரையும் ஸ்டீராய்டும்தான். இவர்கள் ஏழெட்டு மருந்தை வைத்துக்கொண்டு, எது முதலில் என்று அடித்துக்கொள்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கூட்டத்தை நடத்தியவன் கார்த்திக். இன்றைக்கு இந்த ஊரில் பெயர் பெற்ற டாக்டர், ஒரு காலத்தில் என்னிடம் திட்டு வாங்கிய ஜூனியர். கடைசியில் மைக்கை என் பக்கம் நீட்டி, வாயோரம் ஒரு குறும்போடு கேட்டான்: "மேடம், அந்த ஸ்ரீரங்கம் பேஷண்ட் இன்னிக்கு வந்தா என்ன கொடுப்பீங்க?"

இரண்டே வாக்கியத்தில் பதில் சொன்னேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதற்கு மேல் குடல் இரைப்பைப் படிப்பு என்று போன வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தேன், அவ்வளவுதான். சொல்ல வேண்டியது சென்னையில் எனக்கு வாய்த்த சீஃபைப் பற்றி.

ஒடிசலான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் உயர்த்தாத குரலையும் சேர்த்து நான்தான் பிற்காலத்தில் கத்தித் தீர்த்தேன் என்று என் ஜூனியர்கள் சொல்வார்கள். நோயாளியின் வயிற்றில் கை வைக்கும் முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிக்கொள்ளும், இறுகிய வயிறு ஒன்றும் சொல்லாது என்பார். கை வைத்த பிறகு வாயைத் திறக்க மாட்டார். நாங்களும் மூச்சு விடாமல் நிற்போம். கண் மட்டும் நோயாளியின் முகத்தில் இருக்கும்.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, "வெளியே என்ன போச்சுன்னு அப்புறம் கேளுங்க. உள்ளே என்ன போச்சுன்னு முதல்ல கேளுங்க." கோலைட்டிஸ் வார்டில் எல்லாரும் எத்தனை தடவை போனது என்பதையே கேட்டுக்கொண்டிருப்போம். அவர் சாப்பாட்டைக் கேட்பார். இரண்டாவது, நோய் முற்றி ஒரு ஆள் வார்டில் படுத்தால், சர்ஜனுக்கு அன்றே சொல்லி அனுப்ப வேண்டும். மருந்து கேட்குமா கேட்காதா என்று தெரிவதற்கு முன்பே. ஒருமுறை நான் தயங்கியபோது சொன்னார்: "கடைசி நாள்ல கூப்பிட்டா அவர் வந்து என்னம்மா பண்ணுவார்? முதல் நாள்ல இருந்து அவரும் இந்த வயித்தைப் பார்க்கட்டும்."

இந்த இரண்டையும் கட்டிக்கொண்டுதான் திருச்சிக்குத் திரும்பினேன்.

இங்கே வந்து முதலில் சண்டை போட்டது ஸ்டீராய்டோடு. ஸ்டீராய்டு கெட்டது இல்லை. எரிகிற வீட்டில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, நெருப்பு அணைந்ததும் நிறுத்த வேண்டும். நம் ஜனங்கள் நிறுத்த மாட்டார்கள். பழைய சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டி மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிடுவார்கள். ரத்தம் நின்றுவிடும், முகம் பூசணிக்காய் ஆகிவிடும், எலும்பு உளுத்துவிடும். "யார் சொல்லி இதைச் சாப்பிட்டீங்க?" என்று நான் கத்துவது காரிடார் வரை கேட்கும் என்பார்கள். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அப்படி முகம் உப்பி வந்தவர்தான் சௌரிராஜன்.

முப்பது வயதுக்காரர். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் வீதிப் புறப்பாடு வரும்போது பல்லக்கைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் ஒருவர். தேக்குக் கட்டை மாதிரி தோள், அதற்குச் சம்பந்தமே இல்லாமல் வெளிறிய கண். கூட அவர் மனைவி பத்மா. நடந்ததைப் பத்மாதான் சொன்னாள்.

"போன புறப்பாட்டுல நடு வீதியில பல்லக்குத் தண்டுலேர்ந்து தோளை எடுத்துட்டார் டாக்டர். மாத்தாள் வரதுக்குள்ளயே. பல்லக்கு ஒரு பக்கம் சாஞ்சுடுத்து. முன்னாடி பின்னாடி இருந்தவா தாங்கிண்டா. இவர் யாராத்துக்குள்ளயோ ஓடினார். ஓடறதுக்குள்ளயே..."

பல்லக்கு சுமக்கிறவர்கள் கால் தடுக்கினாலும் தோளை எடுக்க மாட்டார்கள். அடுத்தவர் தோள் தண்டுக்குக் கீழே வந்த பிறகுதான் தன் தோளை உருவுவார்கள். நடு வீதியில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், பெருமாளைச் சாய விட்டுவிட்டு ஓடியவர் என்ற பெயரோடு அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அடியேன் திரும்பத் தோள் கொடுக்க முடியுமா?" அது ஒன்றுதான் அவர் கேட்டார். பிழைப்பேனா என்று கேட்கவில்லை.

அன்றே வார்டில் சேர்த்தேன். ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற்றினோம். அன்றே சர்ஜன் நஜீருக்கும் போன் போட்டேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கடையில் துணி கிழித்துப் பழகிய கை, அதனால்தான் தையல் சுத்தமாக இருக்கிறது என்று அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார். வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சலாம் வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். சர்ஜன் எதற்கு வருகிறார் என்று பத்மா பயந்தாள். "அவரும் இந்த வயித்தைப் பழகிக்கட்டும்மா" என்றேன்.

ஸ்டீராய்டு கேட்கவில்லை. அப்போது எங்களிடம் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி இருந்தது. அவசர நேரத்தில் குடலைக் காப்பாற்றக்கூடிய மருந்து. ஆனால் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய டிபித் தழும்பு ஒன்று தெரிந்தது. அந்த ஊசி, உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற டிபியைத் தட்டி எழுப்பிவிடும். போடுவதா வேண்டாமா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலையில்தான் கார்த்திக் ஓடி வந்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிற மாதிரி இருந்தது.

"மேடம், சௌரிராஜன் தேறிட்டார்! நேத்து ராத்திரியிலேர்ந்து ஒரு தடவைதான் போயிருக்கு. ஸ்டீராய்டு பிடிச்சிடுச்சு, ஊசியே வேணாம்!"

எனக்கும் ஒரு கணம் உயிர் வந்தது. ஆனால் சீஃபுடைய சட்டம் எனக்குள் ஊறிப்போனது. கட்டிலுக்குப் போய்ப் பத்மாவிடம் கேட்டேன்: "நேத்து என்னம்மா சாப்பிட்டார்?"

"ஒண்ணும் இல்லையே டாக்டர். நேத்து ஏகாதசி. இவர் பல்லுல தீர்த்தம் கூடப் படாம இருப்பார். இன்னிக்கு துவாதசி, இனிமேதான் பாரணை பண்ணி விரதத்தை முடிக்கணும்."

கார்த்திக்கின் முகம் தொங்கிவிட்டது. ஏகாதசிக்கு உபவாசம் இருந்த குடலில் இருந்து என்ன வரும்? ஆள் தேறவில்லை, உள்ளே ஒன்றும் போகவில்லை, அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் பஞ்சாங்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கையைத் தேய்த்துச் சூடாக்கி அவர் வயிற்றில் வைத்தேன். வீங்கியிருந்தது. ஸ்டெத்தை வைத்தால் சத்தமே இல்லை. நாடி குதிரை மாதிரி ஓடியது. வயிற்றை எக்ஸ்ரே எடுத்தோம். பெருங்குடல் பலூன் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் மருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. அது கிழிந்தால் ஆள் இல்லை. அன்றே பெருங்குடலை எடுத்தாக வேண்டும்.

நஜீர் உடனே வந்தார். நான் சௌரிராஜனிடம் விஷயத்தைச் சொன்னேன். குடலை எடுத்ததும் வயிற்றில் ஒரு சின்ன வாய் வைத்து, மலம் வெளியே ஒட்டிய பையில் சேரும். உடம்பு தேறியதும் சிறுகுடலை மடித்து உள்ளேயே ஒரு பை தைத்து, அது ஆறிய பிறகு வெளி வாயை மூடிவிடலாம் என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வேண்டாம் டாக்டர். மலத்தை இடுப்புல கட்டிண்டு பெருமாளுக்குக் கிட்டக்கப் போறதா? போறும். அடியேன் இப்படியே போயிடறேன்."

பத்மா வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் நான் எதையாவது சொல்லிக் கெடுத்திருப்பேன். நஜீர் என்னைக் கையமர்த்தினார். கட்டில் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"சாமி, கொஞ்ச நேரம் எந்திரிச்சு நிக்க முடியுமா?"

"எதுக்கு?"

"புறப்பாட்டுக்குப் போறப்ப வேட்டி எப்படிக் கட்டுவீங்களோ, அப்படிக் கட்டிக் காட்டுங்க."

சௌரிராஜன் திரும்பிப் பார்த்தார். இதைச் சொல்ல வேண்டும்: அந்த வாயை வயிற்றில் எங்கே வைப்பது என்று சர்ஜன் முன்கூட்டியே குறித்துக்கொள்வது வழக்கம்தான். உட்கார வைத்து, நிற்க வைத்து, மடிப்பு விழாத இடம் பார்த்து மசியால் ஒரு புள்ளி வைப்பார்கள். பல சர்ஜன்கள் படுத்திருக்கிற ஆளின் வயிற்றில் கண்ணால் பார்த்தே வைத்துவிடுவார்கள். நஜீர் அப்படிச் செய்ய மாட்டார். பீடி சுற்றுகிற பெண்ணைச் சம்மணம் போட்டு உட்கார வைத்துத்தான் புள்ளி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு அட்டெண்டர்கள் தாங்க, சௌரிராஜன் எழுந்து நின்றார். வீட்டிலிருந்து பத்மா கொண்டு வந்திருந்த வேட்டியைக் கட்டினார். கொசுவம் பிசகவில்லை. கச்சத்தை இழுத்துச் செருகி, இடுப்பில் இறுக்கினார். நஜீர் சுற்றுமுற்றும் பார்த்தார். சலைன் பாட்டில் மாட்டாத கம்பி ஒன்று மூலையில் இருந்தது. அதை எடுத்து வந்து அவருடைய வலது தோளில் வைத்தார்.

"தண்டு இந்தத் தோள்லதானே?"

"ஆமாம்."

"நடக்குறப்ப உடம்பு எந்தப் பக்கம் சாயும்?"

"சாயாது. பெருமாள் சாயக் கூடாதில்லையா."

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. நஜீர் மண்டி போட்டு உட்கார்ந்து, வேட்டிக் கட்டு இறுகும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கட்டுக்கு மேலே வைத்தால் சட்டை போடாத உடம்பில் எல்லார் கண்ணிலும் படும். கட்டு இறுகும் இடத்திலேயே வைத்தால் நசுங்கும். கட்டுக்குக் கீழே, கொசுவம் தளர்ந்து விழுகிற இடத்தில், பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"பை கொஞ்ச காலம்தான் சாமி. ஆனா தழும்பு ஆயுசுக்கும் இருக்கும். நீங்க திரும்ப தண்டு தூக்குறப்ப கட்டு தழும்பு மேல உராயக் கூடாதுல்ல? அதான் கேட்டேன். இன்ஷா அல்லாஹ், நல்லா வரும்."

சௌரிராஜன் அந்தக் கம்பியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நான் விளக்கிச் சொன்னதெல்லாம் அவரைத் தொடவில்லை. இவர் என்னை மறுபடி பல்லக்குத் தூக்க வைத்துவிடுவார் என்று அவர் நம்பிய இடம் அந்தப் புள்ளிதான். "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார்.

குடலை எடுத்து வெளியே வைத்தபோது நானும் தியேட்டரில் நின்றேன். நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. நஜீர் முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு ராத்திரி தாங்கியிருக்காது மேடம்" என்றார். கார்த்திக் சொன்னதைக் கேட்டு அன்றைக்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அதே நேரம், மறைப்பானேன், பெருமையாகவும் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டேன். ஒரு டாக்டருக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு அடுத்த ஆபரேஷன், அதற்கடுத்தது என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பை இருந்தவரை அவர் கோயில் பக்கமே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவராகவே ஒதுங்கியிருந்தார். வெளி வாயை மூடிய பிறகு மலம் பழைய வழியிலேயே போக ஆரம்பித்தது. மற்றவர்களைவிடக் கூடுதல் தடவைதான் போகும். ஆனால் அவசரம் இல்லை. நிறுத்தி வைக்க முடிந்தது. "டாக்டர், பஸ்ஸுல சமயபுரம் போயிட்டு வந்தோம்!" என்று பத்மா போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. தோள் கொடுக்க மட்டும் நஜீர் லேசில் அனுமதி கொடுக்கவில்லை. தழும்பு வழியாகக் குடல் பிதுங்கிவிடும் என்று பயந்தார். வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்து, பெல்ட் கட்டச் சொல்லி, இழுத்தடித்துத்தான் சரி என்றார். அதுவும் ஒரு நிபந்தனையோடு: கொஞ்ச தூரம்தான், உடனே மாற்றாளிடம் கொடுத்துவிட வேண்டும்.

கார்த்திக் மேடையில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அவர் ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா, நீங்க சொன்ன மருந்துல ஒண்ணு அவர் குடலைக் காப்பாத்தியிருக்கும். அன்னிக்கு வந்த மாதிரி வந்தா, இன்னிக்கும் முதல் நாளே நஜீரைத்தான் கூப்பிடுவேன்." புது மருந்துகளை நான் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். அவற்றைச் சீக்கிரம் கொடுங்கள், ஸ்டீராய்டிலேயே ஆளை ஊறப் போடாதீர்கள், கொடுக்கும் முன் டிபி பாருங்கள். ஆனால் சர்ஜனிடம் அனுப்புவதைத் தோற்றுப்போனதாக நினைக்கிற டாக்டரை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாத்திரைக் கட்சிக்காரர் தலையாட்டினார். ஊசிக் கட்சிப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

சௌரிராஜன் மறுபடி தோள் கொடுத்த அன்று பத்மா எனக்கும் நஜீருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். சித்திரை வீதியில் ஒரு கடை நிழலில் இருவரும் நின்றோம். புறப்பாடு வந்தது. ஜனம் எல்லாம் கைகூப்பிப் பெருமாளைப் பார்த்தது. நஜீர் சௌரிராஜனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட் போட்டிருக்காரான்னு தெரியலையே மேடம்."

"போட்டிருப்பார், விடுங்க."

பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு வந்தது. பக்கத்தில் வந்து நின்ற பத்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த வீட்டுக்குள்தான் அன்று அவர் ஓடியது என்று எனக்குப் புரிந்தது. பல்லக்கு அந்த வாசலைத் தாண்டியது. ஒரு பக்கமும் சாயவில்லை. பேசி வைத்தபடி மாற்றாள் ஒருத்தர் ஓடி வந்து தண்டுக்குக் கீழே தோளை நீட்டினார்.

சௌரிராஜன் நடையை நிறுத்தாமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அய்யய்யோ, மாத்திக்கச் சொல்லுங்க மேடம்! கொஞ்ச தூரம்னுதானே சொன்னேன்! நீங்க ஒரு சத்தம் போட்டா கேட்பார்!" நஜீர் பதறினார்.

வாழ்நாள் முழுக்க நோயாளிகளைக் கத்தியே வழிக்குக் கொண்டுவந்தவள் நான். அன்றைக்குக் கத்தத் தோன்றவில்லை. நஜீரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் டாக்டர்" என்றேன்.